மூடியதும் பூட்டியதும்

1

இந்தப் புரட்டாதியோடு நான் ஜேர்மனிக்கு வந்து இருபத்து நான்கு வருடங்கள் முடிந்தன. அதில் பத்தொன்பது வருடங்கள் ஹம் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் நின்று வேலை செய்தேன். இப்போது ஓய்வு. வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு என் நடையில் ஆயிரத்து நூற்று இருபது காலடி. முழங்கால் நோகும் நாட்களில் அது ஆயிரத்து முந்நூறாகிவிடும்.

பொலிஸார் என்னை வழியில் மறித்து அடையாள அட்டை கேட்டது சென்ற மாதம் வரை ஏழு தடவை. சின்னக் கொப்பி ஒன்றில் பத்தி பிரித்து எழுதி வைத்திருக்கிறேன்: இடம், என்ன கேட்டார்கள், எத்தனை நிமிடம், முடிவு. முறைப்பாடு செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. எண்ணி எழுதாவிட்டால் மனம் ஆறாது, அவ்வளவுதான். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்தவன் நான். அளக்கிறவனுக்கு அது தொழிலோடு ஒட்டிய வியாதி.

எட்டாவது தடவையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கொப்பியில் அதற்குரிய வரியை இன்னும் நிரப்பி முடிக்கவில்லை.

2

எங்களுக்கு ஒரே பிள்ளை, சுகிர்தா. இங்கேயே பிறந்தவள், வயது இருபத்திரண்டு. டோர்ட்முண்டில் மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் தொழிற்பயிற்சி செய்கிறாள். தினமும் காலையில் ரயிலில் போய் மாலையில் ரயிலில் வருவாள்.

சிறு வயதில் அவள் தமிழ் பேசும்போது பிழைகளை விரல் விட்டு எண்ணித் திருத்துவேன். தண்ணீரைச் சாப்பிடுவதில்லை பிள்ளை, குடிப்பது. மாமி வந்தது அல்ல, மாமி வந்தவா. ஒரு நாள் ஒரே சாப்பாட்டு நேரத்தில் பதினொரு பிழை. அந்த எண்ணிக்கையையும் அவளிடம் சொன்னேன். அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் அவள் பேசுவது குறைந்தது. பிள்ளைக்கு அடக்கம் வந்துவிட்டதென்று நான் நினைத்துக்கொண்டேன்.

பதினாறு வயதில், பள்ளித் தோழி ஒருத்தியோடு போய் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தாள். இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒரு கழகம் இருக்கும். பச்சைக் கோட்டும் இறகு வைத்த தொப்பியுமாக வருடத்துக்கு ஒரு தடவை பாண்ட் வாத்தியத்தோடு ஊர்வலம் போவார்கள். கம்பத்தின் உச்சியில் இருக்கும் மரப் பறவையைச் சுட்டு விழுத்துகிறவர் அந்த வருடத்துக்கு ராசா. ஊர்வலம் வீட்டைக் கடக்கும்போது நான் யன்னலைச் சாத்திவிடுவேன்.

பெற்றோர் கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டியவளிடம், "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த வீட்டுக்குள்ள துவக்கோ?" என்று கேட்டேன்.

துவக்கு என்றால் தொடங்கு என்றுதான் அவள் தமிழ்ப் பாடசாலையில் படித்திருந்தாள். "என்னத்தைத் துவக்கிறது அப்பா?" என்று கேட்டாள்.

மனைவி சமையலறைக்குள் நின்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் என் கோபம் உடைந்து கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு ஆறு வருடங்கள் அவளுடைய பெட்டியை நான் தொடவும் இல்லை, அவள் வென்ற கிண்ணங்களைப் பற்றிக் கேட்கவும் இல்லை. கிண்ணங்கள் பதினான்கு. எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அவளிடம் இருப்பது காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி. பதினெட்டு வயதான எவரும் அனுமதியில்லாமல் வாங்கலாம், வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் தெருவில் கொண்டு திரிய முடியாது. கழகத்துக்குக் கொண்டு போவதென்றால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டித்தான் கொண்டு போக வேண்டும். இப்போது அவள் அடுத்த படிக்கு, உண்மையான சன்னம் போட்டுச் சுடும் துப்பாக்கிக்கு விண்ணப்பித்திருந்தாள். அதற்கு ஒரு அட்டை வேண்டும். அந்த அட்டையைக் கொடுப்பது எங்கள் நகரத்துப் பொலிஸ் காரியாலயம். விண்ணப்பிப்பவர் நம்பத் தகுந்தவரா என்று பார்ப்பார்கள். இந்த வருடம் தெற்கே ஒரு பாடசாலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் இறுக்கிவிட்டார்கள். ஆயுதத்தைக் கவனமின்றி இன்னொருவர் கையில் விட்டாள் என்று ஒரு வரி எங்காவது பதிந்தால் போதும், விண்ணப்பம் போய்விடும். கழக அணியில் அவளுக்கென்று வைத்திருக்கும் இடத்துக்குப் பயிற்றுநர் தை மாதம் வரைக்கும்தான் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

3

இங்கே வாணி விழாவை ஒரு பழைய தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் செய்வோம். நவமி அன்று அவரவர் தொழில் கருவிகளைக் கொண்டு வந்து அம்மனுக்கு முன்னால் பரப்புவார்கள். சமையல்காரரின் கத்தி, தையல்காரியின் மெசின், பிள்ளைகளின் கணிப்பொறி. வழக்கமாக அறிவித்தலில் ஆயுத பூசை என்றும் அச்சடிப்பார்கள். இந்த வருடம் அந்தச் சொல் இல்லை. வைகாசியில் ஊரில் போர் முடிந்த விதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை அச்சடிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. நானும் கேட்கவில்லை.

என் பங்குக்கு ஒவ்வொரு வருடமும் ஊரிலிருந்து கொண்டு வந்த பித்தளைக் கவராயப் பெட்டியையும் இரண்டு அளவுகோல்களையும் வைப்பேன். மனைவி கத்தரிக்கோலை வைப்பாள். சுகிர்தா பத்தாம் வகுப்போடு புத்தகம் வைப்பதை நிறுத்திவிட்டாள், விழாவுக்கு வருவதையும்தான். இந்த முறை நவமிக்கு முதல் நாள் தாய் ஒரு பேச்சுக்கு, நீ என்னத்தை வைக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, அவள் கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"என்ர பிஸ்டோலை வையுங்கோ. அதுதானே நான் உண்மையாச் செய்யிறது."

தானும் வருவதாகவும் சொன்னாள். வேலை முடிந்து ரயிலில் ஹம் நிலையத்தில் வந்து இறங்குவாள். நான் பெட்டியோடு நிலையத்து வாசலில் நிற்க வேண்டும். இரண்டு பேரும் பஸ்ஸில் மண்டபத்துக்குப் போவோம். பூசை முடிந்ததும் அவள் அங்கிருந்தே ஏழு மணிப் பயிற்சிக்குப் போவாள். திறப்பைத் தாயிடம் கொடுத்து, அங்கே போய்த் திறக்கலாம் என்றாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் ஒரு வேலை சொன்னாள். முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் மனைவி குளித்துவிட்டு வந்து பெட்டியின் பூட்டைத் திறந்து கழற்றினாள். ஏன் என்று கேட்டேன்.

"பூட்டின பொருளுக்குப் பூசை இல்லை. சரஸ்வதி வந்து பூட்டையோ பாக்கிறது?"

பெட்டியைத் திறந்து துப்பாக்கியின் பிடியில் ஒன்று, குழாயில் ஒன்று என்று இரண்டு சந்தனப் பொட்டு வைத்தாள். மூடி, இரண்டு கொளுக்கியையும் மாட்டி, கைபிடியில் ஒரு செவ்வந்திப் பூவைச் செருகினாள். பூட்டையும் திறப்பையும் வெற்றிலையில் வைத்துத் தாம்பாளத்தோடு தன் பையில் எடுத்துக்கொண்டு, கடலை அவிக்கவென்று முன்னதாகவே மண்டபத்துக்குப் போய்விட்டாள்.

நான் புறப்படும்போது வழக்கம்போல எண்ணினேன். கவராயப் பெட்டி ஒன்று, அளவுகோல் இரண்டு, கத்தரிக்கோல் ஒன்று, மகளின் பெட்டி ஒன்று. ஆக ஐந்து. பூட்டை எண்ணவில்லை.

4

நிலையத்து வாசலில் ஒரு வாங்கில் இருந்தேன். ரயிலுக்கு இன்னும் பதினான்கு நிமிடம். வேட்டி கட்டி, மேலே குளிர்க் கோட்டும் போட்டுக்கொண்டு, பூச் செருகிய கறுப்புப் பெட்டியை மடியில் வைத்திருந்த கிழவனைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்களோ, வழக்கமான சுற்றில்தான் வந்தார்களோ, தெரியாது. இரண்டு பேர். ஒருவர் ஓய்வுக்குக் கிட்டிய வயது, மீசை நரைத்தவர். மற்றவர் இளம் பெண். அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டு, பெட்டிக்குள் என்ன என்று அந்தப் பெண் கேட்டாள்.

என் ஜேர்மன் மொழியில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எங்கள் ஆட்களில் பலர் தொழிற்சாலையில் பொறுக்கிய மொழியோடு நின்றுவிட்டார்கள். நான் மாலை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்தவன். பூசை நாளில் தமிழில் கத்தரிக்கோலும் ஆயுதம், கவராயமும் ஆயுதம், எழுதுகோலும் ஆயுதம். அந்தச் சொல்லை அப்படியே தூக்கி ஜேர்மன் மொழியில் வைத்தேன். வாஃப என்றேன். இன்றைக்கு எங்களுக்கு ஆயுதங்களின் திருநாள் என்றேன். எங்கள் ஆட்கள் நூற்றைம்பது பேர் ஆயுதங்களோடு ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள் என்றேன். ஓர் இலக்கணப் பிழை இல்லை.

அந்தப் பெண்ணின் கை இடுப்புக்குப் போனது. பெட்டியை வாங்கில் வைத்துவிட்டு விலகி நிற்கச் சொன்னாள். கையை உயர்த்தும்படி அவள் சொல்லவில்லை. என் கைகள் தாமாகவே உயர்ந்துவிட்டன.

ஊரில் எண்பத்து நான்காம் ஆண்டில், நில அளவைக் கருவிப் பெட்டியைக் காரியாலயத்திலிருந்து அளக்கும் இடத்துக்குக் கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வருவது என் பொறுப்பு. மரப் பெட்டி, உள்ளே தூரநோக்கி வைத்த தியோடலைற். வழியில் ஒரு இராணுவச் சாவடி. அந்தப் பெட்டியோடு அதை நாற்பத்தொரு தடவை கடந்தேன். முப்பத்தெட்டுத் தடவை பார்த்துவிட்டு விட்டார்கள். ஒரு தடவை வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள். ஒரு தடவை பெட்டியைப் பறித்து மூன்று நாள் வைத்திருந்தார்கள். ஒரு தடவை ஒரு சிப்பாய் தூரநோக்கிக்குள் கண்ணை வைத்து, தெருவில் போகிற கிழவர் தலைகீழாக நடக்கிறார் என்று விழுந்து விழுந்து சிரித்து, மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான். பெட்டி ஒன்றுதான். சட்டமும் ஒன்றுதான். எந்த நாளில் எந்தச் சிப்பாய் என்பது மட்டும்தான் வேறு.

மீசைக்காரர் பெட்டியைத் திறந்தார். குழாயைத் தொட்டு, விரலில் ஒட்டிய மஞ்சளை மூக்கருகே கொண்டு போனார். துப்பாக்கியைத் தூக்கிய விதத்திலிருந்தே அவருக்கு அது பழக்கம் என்று தெரிந்தது. அனுமதி தேவையில்லை என்பதற்கு ஐங்கோணத்துக்குள் பொறித்திருந்த எழுத்தைத் தேடிப் பிடித்து, காற்றுத் துப்பாக்கிதான், சன்னம் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் கை இடுப்பிலிருந்து இறங்கியது. என் கைகளும் இறங்கின.

அப்போது சுகிர்தா வந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு பொலிஸாரை, பிறகு திறந்த பெட்டியை.

"ஆர் அப்பா குழாய்க்குச் சந்தனம் பூசினது?"

"கொம்மாதான்," என்றேன்.

5

அவள் பேசிய ஜேர்மன் ஓடிய வேகத்தில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டது இவ்வளவு. அப்பா சொன்ன சொல் பிழை, அது ஆயுதம் அல்ல, கருவி. நூற்றைம்பது பேரும் கொண்டு வருவது கத்தரிக்கோலும் கத்தியும் கணிப்பொறியும். கழக அட்டையைக் காட்டினாள். ஏழு மணிக்குப் பயிற்சி என்றாள். மண்டபத்தைக் கழகத்துக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தங்கல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மீசைக்காரர் சொன்னார். அந்தப் பெண் மட்டும் பெட்டியின் கொளுக்கியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூட்டு மாட்டும் ஓட்டை வெறுமையாக இருந்தது. இதை எழுதத்தானே வேண்டும் என்று அவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

இங்கே பொலிஸ்காரருக்கு ஊர்ச் சிப்பாயின் சுதந்திரம் இல்லை. குற்றம் என்று கண்டால் எழுதியே ஆக வேண்டும், இரக்கப்பட்டு விடவும் முடியாது. ஆனால் கண்டது குற்றமா என்பதை முதலில் அவர்தான் சொல்ல வேண்டும். இந்த விடயத்தில் அது ஒரு சொல்லில் நிற்கிறது. மூடிய பெட்டிக்கு அவர்கள் மொழியில் கெஷ்லொசன். பூட்டிய பெட்டிக்கு ஃபெர்ஷ்லொசன். பூட்டியிருந்தால் அது கொண்டு செல்லல். மூடி மட்டும் இருந்தால் அது ஆயுதம் தரித்தல். என் பெயரில் ஒரு வழக்கு, அந்தப் பெட்டியை என்னிடம் விட்டவள் பெயரில் ஒரு வரி.

மீசைக்காரர் கொப்பியைத் திறந்து, என்னைப் பார்க்காமல், கேள்வியாக அல்லாமல், தனக்குத்தானே சொல்லுவது போலச் சொன்னார்:

"பெட்டி ஃபெர்ஷ்லொசன்."

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது என் காதில் விழுந்தது ஒரு பிழை மட்டும்தான். வாழ்நாள் முழுவதும் செய்ததை அன்றும் செய்தேன்.

"இல்லை, ஐயா," என்றேன். "கெஷ்லொசன். ஃபெர்ஷ்லொசன் அல்ல."

சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தேன். பதினொரு பிழை என்று நான் சொன்ன அன்று சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம்.

"அப்பா, பேசாமல் இருங்கோ," என்றாள், மிக மெதுவாக.

மீசைக்காரர் பேனையை மூடினார். பிறகு, சின்னப் பிள்ளையிடம் கேட்பது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்:

"உங்களுக்கு ஜேர்மன் அவ்வளவாக வராது. அப்படித்தானே?"

இருபத்து நான்கு வருடம். மூன்று குளிர்காலம் மாலை வகுப்பு. சட்டம் போட்டுச் சுவரில் கொழுவிய சான்றிதழ். அவர் கண் என்னை விட்டு நகரவில்லை. அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டு நின்றாள். சற்று முன்பு நூற்றைம்பது பேரின் கதையைப் பிழையில்லாமல் சொல்லக் கேட்டவள் அவள்.

"இஹ் நிக்ஸ் குட் டொய்ச்," என்றேன். எனக்கு நல்லாக ஜேர்மன் வராது என்று, தொழிற்சாலையில் பொறுக்கிய மொழியில்.

நான்கு சொல். இரண்டு பிழை.

"அதுதானே," என்றார் அவர். கொப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அந்தப் பெண் பஸ் தரிப்பிடத்தின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

நிலையத்துக் கடையில் பயணப் பெட்டிக்கான பூட்டு இருக்கும், வாங்கி வா என்று சுகிர்தாவை அனுப்பினார். அவள் ஓடிப் போய் மூன்று இலக்க எண் பூட்டு ஒன்றோடு வந்தாள். அது மாட்டுப்படும் சத்தம் கேட்கும் வரை அவர் அசையவில்லை. பிறகு அவளிடம், உன் அப்பாவுக்கு அவருடைய மொழியில் விளங்கப்படுத்து, அடுத்த தடவை நான் இல்லாமலும் போகலாம் என்றார்.

சுகிர்தா என் பக்கம் திரும்பினாள். வீட்டில் கதவை லொக் பண்ணு என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லிப் பழகியிருந்தோம். அவள் சொல்லைத் தேடுவது முகத்தில் தெரிந்தது.

"அப்பா, அவர் சொல்லுறார், பெட்டியை மூடோணுமாம். சும்மா மூடுறது காணாது. நல்லா... மூடி மூடோணும்."

சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் நின்ற மீசைக்காரர், விளங்கியதா என்பது போல என்னைப் பார்த்தார்.

"விளங்குது பிள்ளை," என்றேன்.

6

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தீபாராதனை தொடங்கிவிட்டது. நடந்ததைக் கேட்ட மனைவி, பூட்டோடு பூசித்திருந்தால் அந்தப் பொலிஸ்காரருக்கு இந்த நல்ல புத்தி வந்திருக்குமோ என்று கேட்டாள். சுகிர்தா காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்பதைச் செலவழித்துக் குழாயிலிருந்து சந்தனத்தை எடுத்தாள். பிடியில் இருந்த பொட்டை விட்டுவிட்டாள்.

அந்த மீசைக்காரர் நல்ல மனிதர். நாற்பத்தொரு தடவையில் பெட்டியை விட்ட முப்பத்தெட்டுப் பேரிலும் சில நல்ல மனிதர்கள் இருந்திருப்பார்கள். இரண்டு நாட்டிலும் ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல மனிதர் வந்து வாய்க்க வேண்டியிருக்கிறது. அதுதான் களைப்பு. கொப்பியில் எட்டாவது வரியில் இடம் எழுதிவிட்டேன். பத்தொன்பது நிமிடம் என்று எழுதிவிட்டேன். முடிவு என்ற பத்தி வெறுமையாக இருக்கிறது. பெட்டியை விட்டார்கள், உண்மைதான். ஆனால் வெறுமனே விட்டார்கள் என்று எழுதினால் என்னையும் விட்டதாக ஆகிவிடும். அப்படி எழுதக் கை வரவில்லை. சான்றிதழ் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. அந்தப் பக்கம் நான் அதிகம் பார்ப்பதில்லை.

இன்று மத்தியானம் தபாலில் அவளுடைய அட்டை வந்தது. பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தேன். மாலையில் வந்து பிரித்துப் பார்த்தாள். தாயைக் கட்டிப்பிடித்துவிட்டு, பயிற்சிக்கு நேரம் போய்விட்டது என்று அறைக்குள் ஓடினாள். சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி பெட்டியை என் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

"அப்பா, நல்லா மூடி மூடிட்டன். பாருங்கோ."

எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை. பூட்டியிருந்தது.

"ஓம் பிள்ளை," என்றேன். "நல்லா மூடி மூடியிருக்கு. போட்டு வா."